வந்து வந்து மறையும் மின்கோளாறு: எந்த யூனிட்டை மாற்றுவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஒன்பது ஆண்டுகள் ஓடிய உயர்ரக செடான் கார். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிகின்றன. சில நேரம் பின்கதவுக் கண்ணாடி இறங்க மறுக்கிறது, ஆடியோ ஊமையாகிவிடுகிறது. வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் எல்லாம் பழையபடி வேலை செய்கிறது. ஒரு பணிமனையில் ஸ்கேனர் 23 பிழைக் குறியீடுகளைக் காட்டியதால் ஏபிஎஸ் கன்ட்ரோல் யூனிட்டை (பிரேக் அமைப்பைக் கவனிக்கும் சிறு கணினியை) மாற்றச் சொன்னார்கள். இன்னொன்றில் முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். மூன்றாவதாக ஒருவர் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டியபின் மூன்று வாரம் தொல்லை இல்லாமல் இருந்து மறுபடி தலைகாட்டியது. எதை மாற்றினால் தீரும் என்று கேட்கிறீர்கள். கருவியோடு பக்கத்தில் நிற்கும்போது மட்டும் ஒளிந்துகொள்ளும் ஒரு கோளாறை எப்படிப் பிடிப்பது, பிடிப்பதற்கு முன் எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம் என்பதே உங்களுக்குத் தேவைப்படும் பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் கார் வயரிங் வேலை மட்டுமே பார்த்தவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்தே எழுதுகிறேன்.

உறுதியானது முதலில். நீங்கள் சொன்ன ஐந்து வேலைகளும் பெரும்பாலும் வெவ்வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளின் பொறுப்பில் இருப்பவை. அவை எல்லாம் ஒரே நொடியில் கெட்டு, அரை மணியில் ஒன்றாகக் குணமாவது நடக்கிற காரியம் இல்லை. ஆகவே பழுது அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது. பொதுவானவை என்று பார்த்தால், பேட்டரியிலிருந்தும், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் வரும் சப்ளை, அது பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் எர்த், யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் தகவல் வயர்கள் ஆகிய மூன்றுதான். ஒரு யூனிட் தானும் கெட்டு, பொதுத் தகவல் வயரையும் முடக்கி, மற்றவற்றின் வாயையும் அடைத்துவிடுவது உண்டு என்பதால் ஏபிஎஸ் யூனிட்டுக்கு நான் நற்சான்றிதழ் தரவில்லை. ஆனால் அந்த முடிவு மற்ற மூன்றையும் அளந்து முடித்தபின் வர வேண்டியது. 23 குறியீடுகளைப் பார்த்த மாத்திரத்தில் வர வேண்டியது அல்ல.

பழைய எளிய கார் ஒன்றில் லூஸ் கான்டாக்ட் இருந்தால் ஹெட்லைட் ஒரு முறை மங்கிப் பிரகாசிக்கும், அவ்வளவுதான். உயர்ரகக் காரில் ஐம்பது, அறுபது, சிலவற்றில் நூறை நெருங்கும் எண்ணிக்கையில் கன்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கு வரும் மின்னழுத்தத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. அதே லூஸ் கான்டாக்ட் இங்கே கால் நொடி சப்ளையைக் குறைத்தால், ஒரு யூனிட் அணைந்து மறுபடி தொடங்குகிறது. அதன் பதிலுக்காகக் காத்திருந்த மற்ற யூனிட்டுகள் அதைக் காணவில்லை என்று தத்தம் நினைவகத்தில் எழுதிவைக்கின்றன. 23 குறியீடு என்பது 23 பழுது அன்று. ஒரு சம்பவத்துக்கு 23 சாட்சிகள். அவர்களில் பெரும்பாலோர் சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள்தான்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். செல்ஃப் எடுக்கிறதே, பேட்டரியில் என்ன குறை என்று கேட்பார்கள். செல்ஃப் எடுப்பது மிகத் தளர்ந்த பேட்டரியாலும் சில காலம் முடியும். வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்திருந்து அளந்தால், முழுச் சார்ஜில் உள்ள சாதாரண ஈய அமில பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்ட வேண்டும், ஏஜிஎம் வகை (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சப்பட்டிருப்பது) 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழ பாதிச் சார்ஜ். செல்ஃப் சுற்றும் அந்த ஓரிரு நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது இதைவிட முக்கியம், 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையோ, கேபிளையோ, செல்ஃப் மோட்டாரையோ சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை இருக்க வேண்டும் என்ற பழைய கணக்கு உங்கள் காருக்கு அப்படியே பொருந்தாமல் போகலாம். எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரை நேரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் கார்களில் 12.5 என்று பார்ப்பதும், ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் 15 வரை ஏறுவதைப் பார்ப்பதும் இயல்பே. இதைத் தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் பலர். மல்டிமீட்டரை ஏசி (மாறுதிசை மின்னழுத்தம்) அளக்கும் நிலைக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த அலைமின்சாரம் தகவல் வயர்களிலும் சென்சார் வயர்களிலும் இரைச்சலாக ஏறி, காரணமே புரியாத குறியீடுகளைக் கிளப்பும்.

கடந்த சில ஆண்டுகளில் பேட்டரியை மாற்றியிருந்தால் இரண்டு விஷயங்களை விசாரியுங்கள். காருக்கு விதிக்கப்பட்ட வகையும் அளவுமா போட்டார்கள்? பல உயர்ரகக் கார்களில் புதுப் பேட்டரி போட்டதைக் கணினியில் பதிய வேண்டும், பதிந்தார்களா? பதியாவிட்டால் கணினி, கிழட்டுப் பேட்டரிக்குரிய முறையிலேயே புதியதையும் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். நெகட்டிவ் முனையில் விரல் அளவுக்கு ஒரு சென்சார் பெட்டி இருந்தால், வெளியிலிருந்து சார்ஜ் போடும்போது நெகட்டிவ் கிளிப்பை அந்த முனையில் மாட்டாமல் பாடியில் குறித்திருக்கும் எர்த் இடத்தில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஏறிய சார்ஜ் அந்தச் சென்சாரின் கணக்கில் வராது.

அடுத்தது எர்த். என் அனுபவத்தில் இப்படிக் கூட்டமாக வந்து கூட்டமாகப் போகும் எச்சரிக்கைகளுக்கு மிக அதிகமாகக் காரணமாக இருந்தது இதுவே, மிகக் குறைவாகப் பார்க்கப்படுவதும் இதுவே. எர்த்தை ஓம் அளவில் சோதிப்பது வீண். கேபிளில் 0.01 ஓம் கூடுதலாக இருந்தாலே, 100 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கே தொலைகிறது. ஆனால் சாதாரண மல்டிமீட்டரால் 0.01 ஓமை நம்பகமாகக் காட்ட முடியாது. அதனால் மின்னோட்டம் ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்றே அளக்க வேண்டும். எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட், பின்கண்ணாடிச் சூடேற்றி, ஏசி ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை முதலில் எஞ்சின் பிளாக்கிலும், பிறகு பாடியிலும், பிறகு சந்தேகப்படும் யூனிட்டின் கனெக்டரில் எர்த் வயர் சேரும் பின்னிலும் (உலோக முனையிலும்) வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் எங்கே தொலைகிறது என்று படிப்படியாக நெருங்கிப் போகலாம்.

இந்தச் சோதனையில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பேட்டரி டிக்கியில் இருந்த ஒரு கார். அறிகுறிகள் உங்களுடையவற்றைப் போன்றவையே. மீட்டர் முனையை, பேட்டரியின் ஈய முனையைக் கவ்வும் கிளாம்ப்பில் வைத்து அளந்தேன். எல்லா அளவும் சுத்தமாக வந்தது. இரண்டு நாள் தகவல் வயர்களைத் துருவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் வேறு வேலைக்காகக் கிளாம்ப்பைக் கழற்றியபோது, ஈய முனையின் மேல் கறுப்புப் படலம் ஒன்று வளையமாகப் படிந்திருந்ததைப் பார்த்தேன். மறுபடி மாட்டி, இம்முறை ஒரு முனையை ஈயத்தின் மேலும் மற்றொன்றைக் கிளாம்ப்பின் மேலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுக் கிளாம்ப்பை மெல்ல ஆட்டினேன். 0.02 இருந்த அளவு 0.9க்குத் தாவி உடனே திரும்பியது. நான் முதல் நாள் கிளாம்ப்பில் வைத்து அளந்ததால், பழுதுக்கு அப்பாலிருந்து பழுதைத் தேடியிருக்கிறேன். அன்றிலிருந்து மீட்டர் முனை எப்போதும் ஈயத்தின் மேல்தான்.

உங்கள் விவரத்தில் டெர்மினலைக் கழற்றி மாட்டியதும் மூன்று வாரம் நன்றாக இருந்தது என்ற செய்தி இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. ஆனால் அதை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கழற்றி மாட்டும்போது கான்டாக்ட் தேய்ந்து சுத்தமாகியிருக்கலாம். எல்லா யூனிட்டுகளும் அணைந்து புதிதாகத் தொடங்கியதால் சரியாகியிருக்கலாம். இரண்டுமே இல்லாமல் தற்செயலாகவும் இருக்கலாம். சராசரியாக 12 நாளுக்கு ஒரு முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் ஒரு கோளாறு, யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் 21 நாள் வராமல் இருப்பதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. விட்டுவிட்டு வரும் கோளாறுகளில் கடைசியாகக் கை வைத்தவருக்குப் பெயர் கிடைப்பது இதனால்தான். நாளை நீங்கள் ஒரு பழுதைச் சரிசெய்தாலும் அந்த 12 நாளின் மூன்று மடங்கு, அதாவது 36 நாளாவது அமைதியாகக் கழிய வேண்டும். பழுது உள்ளேயே இருந்தாலும் அத்தனை நாள் அது தலைகாட்டாமல் இருக்க 20இல் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரே நேரத்தில் பேட்டரி, எர்த், ஒரு யூனிட் என்று மூன்றை மாற்றினால் எது மருந்து என்பதே தெரியாமல் போகும் என்பதால், ஒன்றைச் செய்து, தேதியைக் குறித்து, காத்திருங்கள்.

தகவல் வயர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மர்மக் கதைகள் அதிகம் உலவும் பகுதி இது. பாஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்ற ஏற்பாட்டில், ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்களில் எல்லா யூனிட்டுகளும் தொங்குகின்றன. யாரும் பேசாதபோது இரண்டு வயரிலும் சுமார் 2.5 வோல்ட் இருக்கும். பேசும்போது ஒன்று 3.5க்கு ஏறும், மற்றது 1.5க்கு இறங்கும். வேகமான கேன் வலையின் இரு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒன்று உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் பின்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூஜ்ஜியத்துக்கு அருகில் வந்தால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதுவரை உறுதி. ஆனால் உயர்ரகக் கார்களில் அந்தச் சாக்கெட்டுக்கும் உள்வலைகளுக்கும் நடுவே கேட்வே என்ற ஒரு யூனிட் காவல் நிற்பது வழக்கம். அப்படியிருந்தால் நீங்கள் அளப்பது சாக்கெட்டிலிருந்து கேட்வே வரை உள்ள கிளையை மட்டுமே. ஏபிஎஸ் இருக்கும் வலையை அளக்க, அந்த வலையின் வயர்களையே தேடிப் போக வேண்டும். கதவு, கண்ணாடி போன்ற வசதிகளுக்கான மெதுவான கேன் வலைகளில் மின்தடை அமைப்பே வேறு என்பதால், அங்கே 60 ஓம் கணக்கு செல்லாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கோளாறு இல்லாத நேரத்தில் 60 வந்தால், இப்போது கோளாறு இல்லை என்பதைத் தவிர அது வேறொன்றையும் சொல்லவில்லை.

ஆடியோ ஊமையாவதை மற்றவற்றோடு ஒரே கயிற்றில் கட்ட எனக்குத் தயக்கம் இருக்கிறது. அந்தத் தலைமுறையின் பல உயர்ரகக் கார்களில் ஆடியோ, நேவிகேஷன் யூனிட்டுகள் ஒளி இழையால் வளையமாக இணைக்கப்பட்டிருக்கும். வளையத்தில் ஏதாவது ஒரு யூனிட் விழுந்தாலோ, இழை 25 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் மடிந்தாலோ முழு வளையமும் மௌனமாகிவிடும். சப்ளை இறங்கியதால் ஆடியோவும் விழுந்திருக்கலாம், அல்லது இது தனிக் கதையாக இருக்கலாம். ஏபிஎஸ் விளக்கு வராத நாளிலும் ஆடியோ மட்டும் எப்போதாவது ஊமையாகிறதா என்று குறித்துவையுங்கள். ஒரு முறை அப்படி நடந்தாலும் இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

குறியீடுகளைப் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. மலிவான பொது ஸ்கேனர் எஞ்சினைப் பற்றி மட்டும் பேசும். ஏர்பேக், ஸ்டீயரிங், கதவு யூனிட்டுகளைப் படிக்க அந்தத் தயாரிப்புக்கென்று உள்ள மென்பொருளோ அதற்கு இணையானதோ வேண்டும். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழிப்பவர்கள் அழிப்பது உங்கள் ஆதாரத்தை. பல யூனிட்டுகள் குறியீட்டோடு அது விழுந்த கிலோமீட்டர், நேரம், அப்போதைய மின்னழுத்தம் ஆகியவற்றையும் பதிந்துவைக்கும். அவற்றைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், முதலில் வாய் திறந்தது யார் என்பது தெரியவரும். 'யு' என்ற எழுத்தில் தொடங்குபவை தொடர்பு அறுந்ததைச் சொல்பவை; அவற்றில் ஏபிஎஸ் யூனிட்டோடு தொடர்பு இல்லை என்று பல யூனிட்டுகள் ஒருமித்துச் சொல்லியிருந்து, ஏபிஎஸ் யூனிட்டோ தன் சப்ளை குறைந்தது என்று பதிந்திருந்தால், பார்க்க வேண்டியது அதன் ஃபியூஸையும் எர்த்தையும். எல்லா யூனிட்டுகளுமே ஒரே கிலோமீட்டரில் குறைந்த மின்னழுத்தத்தைப் பதிந்திருந்தால், பேட்டரிப் பக்கமே திரும்ப வேண்டும். உங்கள் பணிமனை தந்த தாளில் குறியீட்டின் எண் மட்டும் இருக்கிறது, இந்த விவரம் இல்லை. அதை மறுபடி எடுக்காமல் யாரும், நான் உள்பட, தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

அரை மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது என்கிறீர்களே, அதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு இடத்துக்கு அழைத்துப் போகின்றன. பூட்டியபின் யூனிட்டுகள் ஒவ்வொன்றாக உறங்கி, திறக்கும்போது புதிதாகத் தொடங்குவதால் சரியாகலாம்; அல்லது சூடான ஏதோ ஒன்று ஆறுவதால் சரியாகலாம். அடுத்த முறை வந்ததும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பூட்டாமல், இக்னிஷனை மட்டும் அணைத்து ஒரு நிமிடத்துக்குள் மறுபடி போட்டுப் பாருங்கள். அப்போதே விளக்குகள் போய்விட்டால் வெப்பம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. கணநேரச் சப்ளை இழப்புதான் முன்னுக்கு வருகிறது. போகாமல் அடம்பிடித்தால் யூனிட்டுக்குள் விரிசல் விட்ட ஈயப் பற்று, சூட்டில் விரியும் ரிலே போன்றவை பட்டியலில் மேலே ஏறும். இந்த வேலையில் நாங்கள் செய்வதெல்லாம், விட்டுவிட்டு வரும் கோளாறை நிரந்தரக் கோளாறாக மாற்ற முயல்வதுதான். சந்தேகப்படும் பெட்டியைச் சூட்டுக் காற்றால் மெல்லச் சூடாக்குவோம், குளிர்விக்கும் ஸ்பிரே அடிப்போம், வயர் கட்டைச் சாண் சாணாக அசைப்போம், தண்ணீர் தெளிப்போம். எதில் அது வந்து நிலைக்கிறதோ அங்கேதான் அது குடியிருக்கிறது.

ஆகவே ஒரு சிறு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் வெயிலா மழையா, முந்தின இரவு மழை பெய்ததா, வண்டி கழுவினீர்களா, எத்தனை நிமிடம் ஓடியிருந்தது, நேராகவா திருப்பத்திலா, பள்ளத்தில் இறங்கியதா, பிரேக் மிதித்தீர்களா, ஏசி ஓடியதா, எந்த விளக்கு முதலில் எரிந்தது என்று எழுதுங்கள். விளக்குகளை அலைபேசியில் படம் பிடித்தாலும் போதும். ஐந்தாறு பதிவு சேர்ந்தால் அதில் ஒரு சாடை தெரியும். பணிமனையில் கார் நாலு நாள் நின்று ஒன்றும் நடக்காமல் திரும்பி வருவதைவிட இந்த ஒரு பக்கம் மேல்.

மழை என்ற வார்த்தை அந்த நோட்டில் திரும்பத் திரும்ப வந்தால், கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உயர்ரகக் கார்களில் காலடிக் கம்பளத்துக்கு அடியிலும், டிக்கியில் உபரிச் சக்கரப் பள்ளத்தின் ஓரத்திலும் யூனிட்டுகளும் எர்த் போல்ட்டுகளும் இருக்கும். சன்ரூஃபின் நான்கு மூலையிலிருந்தும் தூண்களுக்குள் இறங்கும் வடிகால் குழாய்களில் ஒன்று தூசியால் அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பும். நான் பார்த்த ஒரு காரில் கம்பளம் மேலே தொட்டால் காய்ந்தே இருந்தது; அடியிலிருந்த இரண்டு விரல் கன நுரைப்பஞ்சை அழுத்தியபோது தண்ணீர் கசிந்து வந்தது. வாசற்படி உறைக்குக் கீழே ஏழு பழுப்பு எர்த் வயர்களை ஒரே முனையில் சேர்த்து இறுக்கியிருந்த இடம் முழுக்கப் பச்சைக் களிம்பு. விரல் பட்டதும் ஒரு வயர் பொடியாகக் கையோடு வந்தது. அதற்கு முன் அந்தக் காருக்கு வேறிடத்தில் இரண்டு கன்ட்ரோல் யூனிட் மாற்றியிருந்தார்கள். வயரின் இழைகளுக்கு இடையே தண்ணீரும் எண்ணெயும் திரியில் ஏறுவதுபோல் ஏறிப் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. கியர்பாக்ஸ் கனெக்டரில் கசிந்த எண்ணெய் வயருக்குள்ளேயே பயணம் செய்து, தொலைவில் இருக்கும் யூனிட்டின் பின்களை நனைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பின்கதவுக் கண்ணாடிக்கு வேறு சாத்தியமும் உண்டு. கதவுக் கீல் பக்கத்தில் ரப்பர் குழாய்க்குள் போகும் வயர் கட்டு, கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மடிந்து நிமிர்கிறது; ஒன்பது ஆண்டில் பல்லாயிரம் மடிப்பு. மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் ஓரிரு இழைகள் மட்டும் தாங்கி நிற்கும். அந்த நிலையில் மீட்டரின் பீப் சத்தம் நல்ல வயர் என்றே சொல்லும், ஏனெனில் அந்தச் சோதனைக்கு ஓர் இழை போதும். கண்ணாடி மோட்டாருக்குப் போதாது. 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை அந்த வயரின் வழியே எரியவிட்டுப் பாருங்கள், சுமார் 4.5 ஆம்பியர் கேட்கும் அந்தப் பல்பு மங்கினால் பொய் வெளிப்பட்டுவிடும். மோட்டாருக்குச் சப்ளை தரும் தடித்த வயர்களுக்குத்தான் இந்தச் சோதனை. யூனிட்டுகளின் சிக்னல் வயரில் பல்பை மாட்டினால் யூனிட் கருகிவிடக்கூடும். சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டர் லூசானாலும் ஏர்பேக் விளக்கு எரியும், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் கார்களில் அது சாதாரணம். ஆனால் அதன் மேல் மீட்டரையோ பல்பையோ வைக்காதீர்கள். அந்தச் சிறு மின்னோட்டமே ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். ஏர்பேக் வயர்களும், ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களும் பயிற்சி பெற்றவர் மட்டும் தொட வேண்டியவை. இதில் பேரம் கிடையாது.

பிற்பாடு பொருத்திய கேமரா, டிராக்கர், அலாரம், ஆம்ப்ளிஃபையர், எல்இடி பல்பு எதுவாக இருந்தாலும் முதல் நாளே கழற்றிவைத்துவிட்டுப் பாருங்கள். வயரைக் கடித்து இணைக்கும் கிளிப்புகள் இழைகளை வெட்டிவிடுகின்றன, ஈரத்தையும் உள்ளே விடுகின்றன. இவை எதுவும் உங்கள் காரில் இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஏபிஎஸ் யூனிட்டுக்கு எப்போது பணம் கட்டலாம்? கோளாறு நிகழ்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில், அந்த யூனிட்டின் சப்ளை பின்னில் முழு மின்னழுத்தமும், எர்த் பின்னில் 0.1 வோல்ட்டுக்குள் இழப்பும், தகவல் வயர்களில் ஒழுங்கான அலையும் இருந்து, அப்போதும் அது பேசாமல் இருந்தால் மட்டும். இதைப் பிடிக்கச் சாதாரண மீட்டர் போதாது. நொடிக்குச் சில முறை மட்டுமே அளக்கும் அதன் கண்ணில் கணநேர இழப்பு படாமல் போகலாம். மின்னழுத்தத்தின் கணநேர மாற்றத்தையும் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை மாட்டிவைத்து ஓட்டிப் பார்க்கிற பணிமனையைத் தேடுங்கள். அல்லது, அந்த யூனிட்டின் கனெக்டரைக் கழற்றியதும் முடங்கிய வலை உயிர்பெற்றால் அதுவும் வலுவான சாட்சி. அந்த நிலையில் ஓட்டாமல், நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டிய சோதனை இது. மாற்றுவது என்று முடிவானாலும், பல கார்களில் யூனிட் அந்த வண்டியின் எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கும், வேறு வண்டியிலிருந்து கழற்றியது அப்படியே வேலை செய்யாது என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முழு வயரிங்கையும் மாற்றச் சொன்ன யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். 1990களின் முதற்பாதியில் வந்த சில ஜெர்மானியக் கார்களில் எஞ்சின் வயர்களின் மேலுறையே பொடிந்து உதிர்ந்ததால் முழுக் கட்டையும் மாற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பொதுச் சிதைவு கண்ணால் தெரியாதவரை, பழுதான ஒரு சாண் வயரைச் செப்பனிடுவதே முறை.

உங்கள் கார் என் முன்னால் நின்றால், பேட்டரி முனைகளையும் எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் கழற்றிச் சுத்தம் செய்வதற்கு முன்பே மேலே சொன்ன அளவுகளை எடுத்துவிடுவேன். சுத்தம் செய்தபின் எடுத்தால் தடயம் போய்விடும். நீங்களும் அந்த வரிசையிலேயே போங்கள். ஓய்வு நிலை மின்னழுத்தம், செல்ஃப் எடுக்கும்போது இறங்கிய கடைசி அளவு, ஈய முனைக்கும் கிளாம்ப்புக்கும் இடையே சுமையோடு தொலையும் வோல்ட், கிலோமீட்டர் விவரத்தோடு கூடிய குறியீட்டுத் தாள் ஆகிய நான்கையும் இங்கே எழுதினால், அடுத்து எந்தக் கனெக்டரைத் திறப்பது என்பதை என்னால் இதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.